எலும்பும் ஏடும்

இடுப்பு முறிந்தவர் இனி எழுவதில்லை! வருசநாட்டு மலையடிவாரத்துச் சிற்றூர்களிலே, வாசற்படியில் வழுக்கி விழுந்த மூதாட்டியைச் சுற்றி நின்றோர் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த தீர்ப்பு இது. சாட்சி விசாரிக்கப்படவில்லை, வாதாட எவருமில்லை, மேல்முறையீட்டுக்கும் இடமில்லை. தீர்ப்பளித்த நீதிபதியின் பெயர் விதி! கட்டிலைத் திண்ணைக்கு மாற்றினார்கள், வெளியூரிலிருந்த மகனுக்குச் சொல்லி அனுப்பினார்கள், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார்கள், காத்திருந்தார்கள். முதுகிலே படுக்கைப்புண், நெஞ்சிலே சளி, காலிலே வீக்கம், கடைசியிலே சாவு. "அவள் எழுதி வாங்கி வந்தது அவ்வளவுதான்" என்றார்கள், கலைந்து சென்றார்கள்.

அதே இடுப்பு, அதே வயது, அதே வாசற்படி. இன்றோ, காலந்தாழ்த்தாமல் கொண்டு சேர்த்தால், ஓரிரு நாளில் அறுவை செய்து, அடுத்த சில நாட்களிலேயே வாக்கரைப் பற்றி நிற்க வைக்கிறார்கள் மருத்துவர்கள். பிரமன் எழுதிய எழுத்து அழியாதது என்றார்களே, இந்த எழுத்தை அழித்தவர் யார்? எப்போது அழித்தார்? எதைக் கொண்டு அழித்தார்?

எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்விகள் இவை, தோழர்களே! விடை சுவையானது. அந்த எழுத்தை அழித்தது வேறோர் எழுத்து! தாங்கள் செய்ததை, செய்து தோற்றதை, தோற்றதன் காரணத்தை ஒளிக்காமல் ஏட்டிலே எழுதி வைத்த மனிதர்களின் எழுத்து. இடுப்பு மூட்டு மருத்துவத்தின் வரலாற்றைக் கைராசியின் வரலாறு என்று எண்ணுவோர் ஏமாறுவர். அது கணக்கின் வரலாறு.

முதலில் அந்த மூட்டை அறிந்துகொள்வோம். இடுப்பெலும்பிலே ஒரு கிண்ணம். தொடை எலும்பின் உச்சியிலே ஒரு பந்து. பந்துக்குக் கீழே ஒரு குறுகிய கழுத்து. பந்துக்கு உணவு கொண்டு செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் குழாய்களும் அறுபடும். வாய்க்கால் உடைந்தபின் கடைமடைப் பயிர் கருகுவதுபோலப் பந்து உயிரிழக்கும். மூட்டுக்குள்ளே ஊறும் நீரும், முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து எலும்பு கூடுவதற்கு இடையூறு செய்யும். முன்கை முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டலாம். தடித்த தசைகளுக்குள்ளே புதைந்து கிடக்கும் இந்தக் கழுத்தை எந்தக் கயிறு கட்டும்? எந்தப் பற்று எட்டும்? இலண்டன் மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822இல் வெளியிட்ட நூலிலேயே, மூட்டின் உறைக்குள் நேரும் முறிவு வேறு, உறைக்கு வெளியே நேரும் முறிவு வேறு, முன்னது எளிதில் கூடாது என்று பிரித்துக் காட்டினார். ஆக, கிழவி எழாமற்போனது வினைப்பயனால் அன்று. இரத்தக் குழாய் அறுந்ததால்!

கட்டு வைத்தியரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. சாலையும் மருத்துவமனையும் இல்லாத காலத்தில், உழவனின் கையையும் வண்டிக்காரனின் காலையும் தூக்கிப் பிடித்தவர்கள் அவர்கள். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, துணிச்சுற்று. இவற்றைக் கொண்டே எளிய முறிவுகளைக் கூட்டினார்கள். ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் புகழ் எட்டாத தமிழ்நாட்டு ஊர் உண்டா? அந்தக் கைகளில் அனுபவம் இருந்தது. ஆனால் அந்த அனுபவத்துக்கு ஏடு இல்லை. தந்தை மகனுக்குச் சொன்னார். மகன் தன் மகனுக்குச் சொன்னார். மருமகனுக்குச் சொல்லவில்லை, மற்றவனுக்குச் சொல்லவேயில்லை. எத்தனை பேருக்குக் கூடியது, எத்தனை பேருக்குக் கோணியது, இறுகக் கட்டியதால் எத்தனை பேருக்கு விரல் கறுத்தது என்று எவரும் எழுதவில்லை. குணமானவன் வெற்றிலை பாக்கோடு திரும்பி வந்தான். குணமாகாதவன் வீட்டோடு கிடந்தான். வந்தவன் சாட்சியானான், வராதவன் கணக்கிலேயே இல்லை! ஒருபக்கக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இலாபம் சொல்லும் வணிகனை நம்புவோமா? வைத்தியத்திலே மட்டும் ஏன் நம்புகிறோம்?

இங்கிலாந்திலும் இதே நிலைதான் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். அங்கும் எலும்புக் கட்டுவோர் குடும்பங்கள் இருந்தன, பட்டம் பெற்ற மருத்துவர்கள் அவர்களை இகழ்ந்தார்கள், வழக்குமன்றத்துக்கு இழுத்தார்கள். வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவில் அப்படியொரு குடும்பம். அதிலே பிறந்த ஈவன் தாமஸ் இலிவர்ப்பூல் துறைமுக நகருக்கு வந்து கட்டு வைத்தியம் செய்தார். மருத்துவர்களின் தொல்லைக்கு ஆளான அவர் எடுத்த முடிவைப் பாருங்கள். "நம் குலத்தொழிலை விட்டுவிடாதே" என்று மகன்களுக்கு ஓதவில்லை. ஐந்து மகன்களையும் மருத்துவக் கல்விக்கு அனுப்பினார்!

அவர்களுள் மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ். 1834இல் பிறந்து, 1857இல் மருத்துவராகித் திரும்பிய அவர், தந்தையின் கைப்பழக்கத்தையும் கல்லூரியின் உடற்கூற்றையும் ஒன்று சேர்த்தார். இலிவர்ப்பூலில் ஞாயிறுதோறும் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்களைப் பற்றி 1875இல் நூல் எழுதி வெளியிட்டார். நோயாளியை மல்லாத்திப் படுக்க வைத்து, ஒரு காலை மார்போடு மடித்துப் பிடித்து, மற்றக் கால் தானாக மேலெழுகிறதா என்று பார்த்து இடுப்பின் முடக்கத்தைக் கண்டறியும் சோதனை இன்றும் தாமசு பெயராலேயே வழங்குகிறது. அவர் அமைத்த இரும்புச் சட்டமும் அவர் பெயரோடேயே நிற்கிறது. அவரது மனைவியின் உறவினரான ராபர்ட் ஜோன்ஸ் அவரிடம் தொழில் பயின்றார். முதல் உலகப் போரில் தொடை எலும்பு குண்டால் நொறுங்கிய வீரர்களில் நூற்றுக்கு எண்பது பேர் மாண்டுகொண்டிருந்தனர்; ஜோன்சின் முயற்சியால் தாமஸ் சட்டம் போர்முனைக்குச் சென்றபின், சாவு நூற்றுக்கு இருபதுக்கும் கீழே இறங்கியது. ஒரு குடும்பத்தின் இரகசியம், உலகத்தின் உடைமையானதால் விளைந்த பயன் இது. அது ஆங்கிள்சித் தீவிலேயே அடைபட்டுக் கிடந்திருந்தால்?

சட்டம் தொடையைக் காத்தது. கழுத்து முறிந்த இடுப்புக்கும், தேய்ந்துபோன இடுப்புக்கும் என்ன வழி? இங்கேதான் தோல்விகளின் நீண்ட ஊர்வலம் தொடங்குகிறது. பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்பவர் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து பொருத்தினார். காசநோய் அரித்த மூட்டுகள் அவை, சீழ் பிடித்தன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்மித் பீட்டர்சன் 1923இல் கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்துப் பார்த்தார்; கண்ணாடி உடைந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. மூன்று இதழ் கொண்ட எஃகு ஆணி ஒன்றை அமைத்து, முறிந்த கழுத்தைக் கோத்து நிறுத்தும் முறையை 1931இல் வெளியிட்டார். கட்டால் எட்ட முடியாத இடத்தை ஆணி எட்டியது! 1938இல் இலண்டனில் பிலிப் வைல்ஸ் கிண்ணம், பந்து இரண்டையுமே எஃகால் செய்து ஆறு பேருக்குப் பொருத்தினார். போர் வந்தது; குறிப்புகள் தொலைந்தன; அந்த முயற்சியின் பயனும் பெரும்பாலும் தொலைந்தது. ஏடு தொலைந்தால் அறிவும் தொலையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த ஊர்வலத்தின் முடிவில் நிற்பவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், ரைட்டிங்டன் என்னும் இடத்தில், பழைய காசநோய் மருத்துவமனையொன்றில் பணியாற்றியவர். மூட்டில் உராய்வு குறைய வேண்டும் என்பது அவர் கொள்கை. சிறிய எஃகுப் பந்து ஒன்றையும், வழுவழுப்பான டெஃப்லான் கிண்ணம் ஒன்றையும் பொருத்தினார். நோயாளிகள் வலி நீங்கி நடந்தார்கள், வாழ்த்தினார்கள். வேறொருவராக இருந்தால் அங்கேயே சிலை வைத்துக்கொண்டிருப்பார்! சார்ன்லி அவர்களைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் படம் எடுத்துப் பார்த்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்தது. தேய்ந்த துகள் சுற்றியிருந்த எலும்பை அரித்தது. ஏறத்தாழ முந்நூறு பேருக்குச் செய்த வேலை வீண்! அவர் மறைக்கவில்லை. அவர்களுக்கு மறுபடி அறுவை செய்தார். தோல்வியை மருத்துவ ஏட்டிலே எழுதினார். அந்தத் துகள் உடலை என்ன செய்கிறது என்று அறியத் தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டு பார்த்தார்.

அடுத்து வந்த திருப்பம் தொழிலாளத் தோழர்கள் அறிய வேண்டியது. 1962இல், லங்காஷயர் நெசவாலைகளில் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பிளாஸ்டிக்கை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்தார். சார்ன்லி அதைப் பொருட்படுத்தவில்லை. அவரது ஆய்வுக்கூடத்தில் எந்திரங்களைக் கவனித்த ஹாரி கிரேவன் என்னும் தொழில்நுட்பப் பணியாளர், தலைவர் வெளிநாடு சென்றிருந்தபோது அதைத் தேய்மானப் பொறியில் மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட, அது மூன்று வாரத்தில் தேயவில்லை! திரும்பி வந்த தலைவர், "உன்னை யார் செய்யச் சொன்னது?" என்று சீறித் தூக்கி எறியவில்லை. கணக்கைப் பார்த்தார், கணக்குக்குத் தலைவணங்கினார். 1962 நவம்பரில் புதிய கிண்ணம் மனிதரின் இடுப்பில் ஏறியது. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் எழுந்து நடப்பதற்கு அடிப்படை, தறியிலிருந்து வந்த அந்தப் பொருளே. அறுவைக்கூடத்துக் காற்றிலே மிதக்கும் கிருமிதான் சீழுக்குக் காரணம் என்று எண்ணிய சார்ன்லி, காற்றையே வடிகட்டும் தனிக்கூடம் அமைத்தார். வேறு முன்னெச்சரிக்கைகளும் சேர, நூற்றுக்கு ஏழு பேருக்கு நேர்ந்த சீழ், ஒருவருக்கும் குறைவானது. வீபூதி பூசியதால் குறையவில்லை. காற்றை வடிகட்டியதால் குறைந்தது!

நம் நாடு வாளா இருந்ததா? இல்லை. 1955இல் இந்திய எலும்பு மருத்துவர் சங்கம் உருவாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் எலும்பு மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் எம். நடராசன், அவர் பெயர் தாங்கிய பாடநூலைப் படித்து எழுந்த மருத்துவர் தலைமுறைகள் பல. 1940இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆஸ்டின் மூர் என்பவரும் ஹரால்ட் போல்மன் என்பவரும், கட்டியால் அழிந்த தொடை எலும்பின் மேற்பகுதியை நீக்கிவிட்டு உலோகத்தால் ஆன மாற்று உறுப்பைப் பொருத்தினர். அத்தகைய பெரிய மாற்றெலும்புகளைச் சென்னையிலேயே வடிவமைத்து, 1980களின் இறுதியிலிருந்து பொருத்தி, காலை வெட்டி எறிய வேண்டியிருந்த புற்றுநோயாளிகளைக் காலோடு வாழ வைத்தவர் மருத்துவர் மயில்வாகனன் நடராசன். பின்னாளில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். வெளிநாட்டுப் பொருளின் விலை ஏழையின் காலைப் பறிக்கக்கூடாது என்னும் எண்ணமும், செய்ததை உலக ஏடுகளில் எழுதி வைக்கும் ஒழுங்கும் சேர்ந்ததால் விளைந்த பெருமை அது.

ஆயினும் நாம் விடை காண வேண்டிய கேள்விகள் மிச்சம் உண்டு. சார்ன்லியின் நோயாளி நாற்காலியில் அமர்ந்தான். நம்மவர் தரையில் சம்மணமிடுகிறார், குத்துக்காலிட்டுக் களை பறிக்கிறார். மாற்று மூட்டு பொருத்தியவரைப் பார்த்துத் "தரையில் உட்காராதீர்" என்றால், அவரது பிழைப்பே கேள்விக்குறியாகிறது. ஆங்கிலேயனுக்கு இப்படி ஒரு கேள்வி எழவில்லை. அதற்கு விடை காண்பது நம் ஆய்வாளரின் கடமை. முதியோருக்கு மட்டுமா? மிகுகுடியும், நீண்டகாலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தும் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து, முப்பது நாற்பது வயது உழைப்பாளிகளின் இடுப்புப் பந்தையே சாகடிக்கின்றன. எந்தச் சாமியின் கோபமும் அதற்குக் காரணமில்லை. தெரு முனைப் புட்டியும், பெயர் தெரியாத மாத்திரையும் காரணமாகலாம்.

இளைஞர்களே, உங்களையும் இந்த மூட்டு விடுவதில்லை. கபடிக் களத்திலே காலைப் பிடித்து மடக்கும்போதோ, மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்படும்போதோ, பந்து கிண்ணத்தை விட்டே நழுவக்கூடும். அதனை ஆறு மணி நேரத்துக்குள் மயக்க மருந்து கொடுத்து முறையாகப் பொருத்த வேண்டும். பொழுது ஏற ஏறப் பந்தின் உயிருக்கு ஆபத்து. எண்ணெய் தேய்த்து இழுத்துப் பார்க்கும் ஒவ்வொரு மணியும் ஒரு வாழ்நாள் ஊனத்துக்கு விலையாகலாம்! வேறு சிலருக்குக் கிண்ணமும் கழுத்தும் ஒன்றோடொன்று இடித்து, தொடைச்சந்தில் தீராத வலி உண்டாகும். "வாயுப் பிடிப்பு" என்று வருடக்கணக்கில் தள்ளப்பட்ட இந்த இடிப்பை, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003இல் தெளிவாக விளக்கினர். இன்று சிறு துளை வழியே நோக்குக் குழாய் செலுத்தி அதனைச் சீர்செய்கிறார்கள். அந்தக் குழாயை இடுப்பு மூட்டுக்குள்ளே பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் நுழைப்பது இயலாத செயல் என்று 1931இல் எழுதினார் நியூயார்க் ஆய்வாளர் மைக்கேல் பர்மன். அடுத்து வந்தோர் காலை இழுத்துப் பிடித்து இடைவெளி உண்டாக்கி நுழைத்தனர். பர்மனை எவரும் தூற்றவில்லை. அவர் எழுதி வைத்த தடையே அடுத்தவருக்குப் படிக்கட்டானது.

விஞ்ஞானத்தின் பெயராலும் இருட்டு பரப்பப்படலாம் என்பதையும் மறந்துவிடலாகாது. உலோகத்தின்மேல் உலோகம் உராயும் ஏ.எஸ்.ஆர். என்னும் இடுப்பு மூட்டை, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தைச் சேர்ந்த டிப்பியூ விற்றது. ஏறத்தாழ 93,000 பேர் உடலில் அது ஏறியது. துகள் உதிர்ந்தது, தசை அழுகியது, மறு அறுவைகள் பெருகின. இதனை முதலில் எச்சரித்தது எது? ஆஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு! பொருத்திய ஒவ்வொரு மூட்டையும் எழுதி வைத்த ஏடு, மற்ற மூட்டுகளைவிட இது மிகுதியாகத் தோற்கிறது என்று காட்டியது. 2010 ஆகஸ்டில் அந்த மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. 2017இல் ஒன்றிய அரசு அமைத்த குழு ஆராய்ந்தபோது, அவர்களில் 3,600 பேருக்கு மேற்பட்டோர் எங்கிருக்கிறார்கள் என்றே கண்டறிய முடியவில்லை. 2018இல் இழப்பீடு 30 இலட்சம் முதல் 1 கோடியே 23 இலட்சம் ரூபாய் வரை என்று வகுக்கப்பட்டது. யாருக்குக் கொடுப்பது? முகவரி எங்கே? ஏடு எங்கே? சுவீடன் 1979லேயே இடுப்பு மூட்டுக்கெனத் தேசியப் பதிவேடு தொடங்கியது. ஆயிரக்கணக்கான நம் மக்களோ, உடலுக்குள்ளே நஞ்சு உதிர்வதை அறியாமலே நடமாடினார்கள். கட்டு வைத்தியரின் கணக்கில்லாக் குடிசையும், கணக்கில்லாப் பளிங்கு மருத்துவமனையும் இந்த வகையில் ஒன்றுதான்!

கடமலைக்குண்டுக்கு இதிலே என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை நிறைய உண்டு. வைகை பிறக்கும் மலையடியில், அன்றைய மதுரை மாவட்டத்தின் ஒரு மூலையாகக் கிடந்த இந்த ஊருக்கு, ஒரு காலத்தில் மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையே கதி. இன்று இராசாசி மருத்துவமனை எனப்படுவது அதுவே. மாட்டு வண்டியிலும் பேருந்திலும் முறிந்த எலும்போடு அத்தனை தொலைவு செல்வதைவிடக் கட்டுக்குப் போவது எளிதாக இருந்தது. அதற்காக ஏழையைக் குறைகூற முடியாது. இன்று கண்டமனூர் வழியாகச் சென்றால் க.விலக்கிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிற்கிறது. 2008இல் 108 ஊர்தி வந்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. வழி திறந்திருக்கிறது. வாசற்படியில் விழுந்தவரைத் திண்ணைக்கு மாற்றுவதா, ஊர்திக்கு மாற்றுவதா என்பதை இன்று தீர்மானிப்பது விதியன்று; சுற்றி நிற்கும் நாம்!

ஆகவே, படித்த இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவில் செய்யக்கூடிய மூன்று செயல்கள் உண்டு. முதியவர் விழுந்து, எழ முடியாமல், கால் குறுகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால், எண்ணெய்க்கும் ஏலக்காய் மந்திரத்துக்கும் பொழுதைச் செலவிடாமல், அசைக்காமல் மருத்துவமனைக்குச் சேர்ப்பியுங்கள். எவருக்கேனும் மாற்று மூட்டு பொருத்தினால், அதன் பெயரும் எண்ணும் அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்கி, குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்தச் செய்யுங்கள், கேட்பது உரிமை. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளையும் கட்டாயமாகத் தழுவும் மூட்டுப் பதிவேடு வேண்டும் என்று மேடைதோறும் கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். மலையடிவாரத்துக் கட்டு வைத்தியரின் வீட்டிலே ஒரு பேத்தி பள்ளிக்கு வருகிறாள் என்றால், அவளிடம் பாட்டனின் கைத்திறமையைப் பழிக்காதீர்கள். ஈவன் தாமஸ் தன் ஐந்து மகன்களுக்குச் செய்ததை அவளுக்குச் செய்யுமாறு அவள் வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் கைக்கு ஒரு கல்லூரியும், அந்தக் கல்லூரிக்கு ஓர் ஏடும் கிடைக்கட்டும். பாட்டன் மறைத்துக் காத்ததைப் பேத்தி எழுதிப் பரப்பட்டும். எழுதப்பட்ட அறிவுக்கு முன்னே, எழுதாத விதி எத்தனை நாள் நிற்கும்?